இணைப்புச் சக்கர ஸ்கூட்டரா, ஆட்டோமேட்டிக் காரா?

எனக்கு இடது காலில் போலியோ. முழங்காலில் பூட்டு வைத்த காலிபரும் (காலைத் தாங்கும் சட்டம்) ஒரு ஊன்றுகோலும் உண்டு. வண்டி வாங்கும்போது இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி இருந்தது. பின்சக்கரத்தின் இருபக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை எடுத்தேன். கோவைக்குள் புழங்குகிறவர்களுக்கு இன்றும் அதையே சொல்வேன்.

விலை, மைலேஜ், மழை, வெயில் பற்றி விளக்க வேண்டியதில்லை. இடது கால் மட்டும் பாதித்தவர் ஆட்டோமேட்டிக் காரை அப்படியே ஓட்டலாம், க்ளட்ச் கிடையாது. வலது கால் என்றால் கையால் இயக்கும் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வைக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு எல்லோருக்குமே ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். நமக்கென்று இருந்த ஜிஎஸ்டி சலுகைக்காகக் காரை நினைக்க இனிக் காரணமில்லை.

நான் ஸ்கூட்டர் பக்கம் சாய்ந்தது பார்க்கிங்கை நினைத்துத்தான். காரிலிருந்து இறங்க, காலை வெளியே நீட்டி, காலிபரின் பூட்டைப் போட்டால்தான் எழ முடியும். அதற்குக் கதவு முழுசாகத் திறக்க வேண்டும். மத்திய அரசின் 2021 வழிகாட்டுதல் மாற்றுத்திறனாளிக் கார் நிறுத்தத்துக்கு 3.6 மீட்டர் அகலம் கேட்பது இதற்காகத்தான்: காருக்கு 2.4, ஆள் இறங்கவும் சக்கர நாற்காலியைத் திருப்பவும் 1.2. வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பணக்கார வீதியில் அதை எங்கே தேடுவது? ஸ்கூட்டரைக் கடைப் படியோரம் நிறுத்தி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

இடம் ஒதுக்கிய மால்களில் சிக்கல் வேறு மாதிரி. பிரிட்டனில் போலக் கார்க் கண்ணாடியில் வைக்க நாடு முழுக்கச் செல்லும் பார்க்கிங் அட்டை நம்மிடம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டை ஆளுக்கானது, வண்டிக்கானதல்ல. ஆர்சியில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று பதிய 2020இல் வழி வந்தது, ஆனால் வாசலில் ஆர்சியை யார் பார்க்கிறார்கள்? நண்பர் ஒருவருக்குச் செயற்கைக் கால், பேன்ட்டுக்குள் தெரியாது. அவர் காரை அங்கே விட்டதும் காவலர் வந்தார்: “நடந்துதானுங்ணா வர்றீங்க, கொஞ்சம் தள்ளிப் போடுங்ணா.” பலகையில் சக்கர நாற்காலிப் படம் இருப்பதால் நாற்காலியில் வருபவருக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது. தசைச்சிதைவு உள்ளவர் காலையில் நடந்து வந்து, மாலையில் பத்தடி வைக்க முடியாமல் போகலாம். அவருக்கும் அந்த இடம் உரியதுதான். என் ஸ்கூட்டரின் பக்கச் சக்கரங்களைப் பார்த்தபின் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஸ்கூட்டரில் குறை இல்லாமல் இல்லை. பைக் வரிசைக்குள் நுழையாது. பின்னால் எடுக்க ரிவர்ஸ் வசதி இல்லாவிட்டால் ஆள் துணை வேண்டும். வளைவில் சாயாது, மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம் ரோட்டில் பக்கவாட்டில் அடிக்கும்போது கை விறைத்துப்போகும். தினமும் உடுமலை, தாராபுரம் என்று போகிறவர்கள் காரையே பாருங்கள்.

சக்கர நாற்காலியோடு போகிறவர்களுக்கு என் அனுபவம் அவ்வளவாக உதவாது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர், ஸ்கூட்டர் சீட்டில் நெடுநேரம் உட்காரலாமா என்று மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

காரில் கைக் கட்டுப்பாடு வைப்பவர்கள் அதை மறக்காமல் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள். மாற்றுத்திறனாளிக்கென வடிவமைத்த வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் விலக்கு உண்டு, அதைக் கேட்க அந்தப் பதிவு வேண்டும்.