சீலாங் நூலகம்: தென்கிழக்கு ஆசிய மொழிகளுக்கான இலவச அகராதிக் களஞ்சியம்

கம்போடியாவின் கெமர் மொழிக் கல்வெட்டையோ பழைய ஜாவானியக் காவியத்தையோ படிக்க உட்காருபவருக்கு முதல் தேவை நம்பகமான அகராதி. அச்சில் வந்தவை விலை அதிகம். பல, பல்கலைக்கழக நூலகங்களைத் தாண்டி எங்கும் கிடைப்பதில்லை. இவற்றை ஒரே இடத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கத் தருவது சீலாங் நூலகம். பாங்காக்கில் இயங்கிய சி.ஆர்.சி.எல். என்ற லாபநோக்கற்ற கணினி மொழியியல் மையமும், அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத் தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையமும் கைகோத்து 2005ல் தொடங்கியது. பெரும்பகுதிச் செலவு அமெரிக்கக் கல்வித் துறையின் மானியம். தாய் (தாய்லாந்தின் மொழி), லாவோ, கெமர், பர்மியம், மொன், ஷான் எனத் தனி எழுத்துள்ள மொழிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு இந்தோனேசியத் தீவுகள் பக்கம் போனார்கள்.

சேர்த்திருக்கும் நூல்களைப் பார்த்தாலே தரம் புரியும். தாய் மொழிக்கு மேரி ஹாஸின் 1964 அகராதி, லாவோவுக்கு ஆலன் கெர் 1972ல் வெளியிட்டது, கெமருக்கு ஹெட்லி குழுவின் 1977 அகராதி, பழைய ஜாவானியத்துக்கு சூட்முல்டரின் 1982 பேரகராதி. துறையில் இருப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுபவை இவைதாம். பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். தலைச்சொல், உச்சரிப்பு, இலக்கண வகை, பொருள், கூட்டுச்சொல் என்று ஒவ்வொரு பதிவையும் கூறுகளாகப் பிரித்துக் குறியிட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஆங்கிலப் பொருளைக் கொடுத்துக் கெமர் சொல்லைப் பிடிக்க முடிகிறது. வெளியே தெரியாத உழைப்பு அது; முழு மதிப்பெண் அதற்கே.

தேட மூன்று வழி: அந்த மொழியின் எழுத்து, உச்சரிப்பு, ஆங்கிலப் பொருள். எழுத்து தெரியாதவர் உச்சரிப்பு வழியாகப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுலாக் கையேட்டில் இருக்கும் ரோமன் எழுத்துக்கூட்டலைத் தட்டினால் பெரும்பாலும் கிடைக்காது. அந்த எழுத்துக்கூட்டல் குறில் நெடிலைக் காட்டாது, அகராதி காட்டும். குறில் நெடில் நம் காதுக்குச் சுலபம். தாய் மொழியில் மூச்சோடு வரும் ‘ப’வையும் மூச்சில்லாத ‘ப’வையும்தான் தமிழ்க் காது கோட்டைவிடும். இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. சந்தேகம் தீராவிட்டால் ஆங்கிலப் பொருள் வழியாகப் போய்ச் சொல்லைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் இருந்து நகலெடுத்து ஒட்டித் தேடும்போதுதான் அதிகம் சறுக்கும். சொல் அகராதியில் இருக்கும், தேடினால் ‘இல்லை’ என்று வரும். காரணம் மொழிக்கு மொழி வேறு. கெமரில் மெய்யெழுத்துக்கு அடியில் எழுதும் துணையெழுத்துகளில் ‘ட’வுக்கும் ‘த’வுக்கும் வடிவம் ஒன்றே, கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்து. நாம் ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டுவது போன்ற சிக்கல், ஆனால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்று அகப்படாவிட்டால் மற்றதை மாற்றிப் போட்டுத் தேடுங்கள். கெமர்ப் பக்கங்களில் சொல் பிரிக்க, கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இடைவெளியையும் போடுவார்கள். அதை நீக்கிவிட்டு ஒட்ட வேண்டும். தாய் மொழியில் ‘ஏ’ குறியை இரண்டு முறை தட்டினால், அகன்ற ‘ஏ’வின் குறி போலவே தோன்றும், தேடலில் சிக்காது.

பர்மியத்தில் கோளாறு இன்னும் பெரிது. மியன்மார் 2019 அக்டோபர் 1ல்தான் அதிகாரபூர்வமாக யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டுமுறைக்கு மாறியது. அதற்கு முந்தைய பதிவுகளில் ஏராளமானவை ஸாவ்ஜி முறையில் இருக்கின்றன. யூனிகோடின் அதே எண்களில் வேறு எழுத்தை வைக்கும் முறை அது. ‘ஏ’ குறி யூனிகோடில் மெய்க்குப் பின்னும், ஸாவ்ஜியில் மெய்க்கு முன்னும் சேமிக்கப்படும். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டுமுறைக் கோப்புகளை யூனிகோடாக்கிப் பழகியவர்களுக்கு இந்த வலி புதிதல்ல. யூனிகோடு வேலைகளுக்கான ஐ.சி.யு. நிரல்தொகுப்பில் ஸாவ்ஜியை மாற்றும் வசதி இருக்கிறது. முதலில் மாற்றிவிட்டு அப்புறம் தேடுங்கள்.

முழு வாக்கியத்தை ஒட்டுவதிலும் பயனில்லை. தாய் எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ‘தாக்லொம்’ என்ற தொடரைத் ‘தா-க்லொம்’ என்று பிரித்தால் உருண்டைக் கண். ‘தாக்-லொம்’ என்று பிரித்தால் காற்று வாங்குதல். சொற்களைப் பிரித்துக்கொண்டுதான் அகராதிக்கு வர வேண்டும். பைதாய்என்.எல்.பி. என்ற திறந்த மூல நிரல் பிரித்துத் தரும். இப்படிப்பட்ட இடங்களில் அதன் முடிவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சொற்பட்டியலை நீங்களே அகரவரிசைப்படுத்தும்போதும் எச்சரிக்கை தேவை. தாய் யூனிகோடில் முன்னால் எழுதும் உயிர்க்குறி முன்னாலேயே சேமிக்கப்படும், தமிழைப் போலப் பின்னால் அல்ல. எழுத்தெண் வரிசையில் அடுக்கினால் அந்தச் சொற்கள் எல்லாம் கடைசியில் போய்க் குவியும்.

இத்திட்டத்தின் மணிமகுடம், மொன், கெமர் முதலிய உறவுமொழிகளுக்கான மொன்-கெமர் சொற்பிறப்புப் பகுதி. மொழியியலாளர் ஹாரி ஷார்ட்டோ விட்டுச்சென்ற ஒப்பியல் அகராதிக் கையெழுத்துப்படி, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2006ல் நூலானது. 2,246 வேர்ப் பதிவுகள். இங்கே அதை எண் வாரியாகவும் மொழி வாரியாகவும் தேடலாம். ‘நீர்’ என்று தேடினால் மொன், கெமர், பஹ்னார், வியட்நாமியம் என உறவுச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். முண்டா மொழிகளுக்குத் தனிப் பகுதி உண்டு. சந்தாலியும் மேகாலயத்தின் காசி மொழியும் நிக்கோபாரியமும் இந்த ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம்தான் என்பதால் இந்திய ஆய்வாளருக்கும் இது அன்றாடக் கருவி. மலாய் மொழியில் நம் ‘கப்பல்’, ‘கடை’ போன்ற சொற்களைத் தேடுபவர், ரசல் ஜோன்ஸ் பதிப்பித்து 2007ல் வந்த இரவல் சொல் தொகுப்பின் இணைய வடிவத்தில் தொடங்கலாம்.

தளத்தில் அகராதிகளோடு இருக்கும் உரைத்தொகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க உதவும். புள்ளிவிவர முடிவுக்கு நம்பி இறங்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. இடப்பக்கம் தேடல், வலப்பக்கம் விடை என்ற பழைய காலத்து அமைப்பு, கைபேசியில் திணறும். கணினியில் திறப்பதே சரி. பதிப்புரிமை உள்ள அகராதிகள் என்பதால் தரவை மொத்தமாக எடுத்து செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரிக்குப் பயிற்சி கொடுக்கும் எண்ணத்தோடு வரக் கூடாது. அந்த வேலைக்கு ஆய்வாளர்கள் கூடி நடத்தும் சீகிரவுட் தரவுத் தொகுப்பைப் பாருங்கள். சிங்கப்பூரின் சீ-லயன் மொழிமாதிரிகளும் இருக்கின்றன. தாய், கெமர், பர்மியத்தோடு தமிழும் இந்த மாதிரிகளில் உண்டு.

பெரிய கவலை பணம். மானியம் புதிய தரவு சேர்க்கக் கிடைக்கும்; சேர்த்ததைப் பராமரிக்கக் கிடைக்காது. சர்வர் வாடகை, மென்பொருள் புதுப்பித்தல், பிழைதிருத்தம் எல்லாம் மானியக் காலம் முடிந்த பிறகும் ஓட வேண்டிய செலவு. இத்துறைக்கு உதவ நினைக்கும் அறக்கட்டளைகள் இன்னொரு புதுத் திட்டத்துக்குக் கொடுப்பதைவிட, இருப்பதைப் பத்து ஆண்டு உயிரோடு வைக்கக் கொடுத்தால் பலன் கூடுதல்.

கட்டுரையில் மேற்கோள் காட்டும்போது இணைய முகவரியோடு நின்றுவிடாதீர்கள். மூல அகராதியின் பெயர், பதிப்பாண்டு, தலைச்சொல், ஷார்ட்டோவானால் பதிவு எண், பார்த்த தேதி எல்லாவற்றையும் குறியுங்கள். தளம் திறக்காத நாளிலும் படிப்பவர் அச்சுப் பிரதியில் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம்.