யமஹா அல்ட்டோ ரெக்கோடர்: ஏசி இல்லாத இடத்தில் ஒரு குறையும் இல்லை

யமஹாவின் ஒய்ஆர்ஏ-302பி அல்ட்டோ ரெக்கோடரை வாங்கலாமா என்று கேட்டால், ஓம், யோசிக்காமல் வாங்குங்கள். ரெக்கோடர் என்றால் நுனியில் வாய் வைத்து நேராகப் பிடித்து ஊதும் மேற்கத்தியக் குழல். இது ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்தது, மூன்று துண்டாகக் கழரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஊதுவது சொப்ரானோ வகை. அதன் அடிச்சுரம் ஸீ. இது அதைவிட நீளம், அடிச்சுரம் எஃப். பாக், ஹாண்டல், டெலமான் என்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் எல்லாரும் ரெக்கோடருக்கு எழுதியதில் பெரும்பகுதி இந்த அல்ட்டோவுக்குத்தான். இது கையில் இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக முடியாது.

வெள்ளவத்தைக் கடையில் கேட்டபோது, "எத்தனையாம் வகுப்புப் பிள்ளைக்கு அண்ணை?" என்றார்கள். எனக்குத்தான் என்றதும் பையனுக்குச் சிரிப்பு.

நான் கொழும்புக் கோட்டையில் கணக்கு எழுதுகிறவன். செவ்வாய்க்கிழமை வேலை முடிய கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர் வீட்டில் கூடுவோம். ஒரு வயலின், ஹாப்சிகோட் என்ற பழைய நரம்புக் கட்டைவாத்தியத்தின் சத்தம் போடுகிற ஒரு கீபோட், நான். சனி, ஞாயிறில் எங்காவது பரோக் இசை, அதாவது பாக் காலத்து ஐரோப்பிய இசை, வாசிக்கிறார்களென்றால் போய்விடுவேன். மார்கழி வந்தால் கரோல் ஒரு பக்கம், கர்நாடகக் கச்சேரி ஒரு பக்கம். வீட்டில் என்னைக் காண்பதே அபூர்வம் என்று மனைவி சொல்வது பொய்யில்லை. இந்த ஓட்டத்தில் மரத்தில் செய்த ரெக்கோடரைப் பராமரிக்க யாருக்கு நேரம்? புதிய மரக்குழலை முதல் சில வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதித்தான் பழக்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும், நிழலில் காய வைக்க வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் அது இன்னும் கவலை. இந்தப் பிளாஸ்டிக் குழலைக் குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்தால் சரி.

சத்தம் விலைக்கு மீறியது. அடி எஃப்பும் ஜீயும் மெதுவான மூச்சு கேட்கும். அவசரப்பட்டால் மேல் சுரத்துக்குத் தாவிவிடும். உச்ச சுரங்களுக்குக் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தால் பின்துளையில் ஒரு மயிரிழை மட்டும் திறக்க வேண்டும். அது கைவந்தால் கூர்மையாக, சுத்தமாக வரும். ஒருமுறை வூல்வெண்டால் தேவாலயத்தில் டெலமானை வாசித்தோம். ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கோயில் 1757இல் திறக்கப்பட்டபோது டெலமானும் ஹாண்டலும் உயிரோடு இருந்தார்கள். அந்தத் தடித்த சுவர்களுக்குள் இந்தப் பிளாஸ்டிக் குழல் எழுப்பிய ஒலியைக் கேட்டு, மரமா என்று ஒருவர் வந்து தொட்டுப் பார்த்தார்.

தொல்லை என்றால் தண்ணீர்தான். பிளாஸ்டிக் ஈரத்தை உறிஞ்சாது. குளிர்ந்த குழலில் சூடான மூச்சுப் பட்டதும் காற்றுப் பாதையில் துளி கட்டி, சத்தம் கரகரத்து அடைத்துவிடும். மின்விசிறி மட்டும் ஓடுகிற கொட்டாஞ்சேனை அறையில் இந்தப் பிரச்சினை எனக்கு வந்ததே இல்லை. ஏசி மண்டபத்தில் இரண்டாம் பாட்டிலேயே வந்துவிடும். ஊதுமுன் தலைத்துண்டைச் சட்டைக்குள் கக்கத்தில் வைத்துச் சூடாக்குங்கள். பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. அடைத்தால், முன்னாலிருக்கும் ஜன்னல் போன்ற துளையை விரலால் மூடி ஒரு பலமான ஊது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்றுப் பாதையில் விட்டுக் காயவைத்தால், துளி கட்டுவது வெகுவாகக் குறையும்.

இன்னொரு நிம்மதி, தொலைந்தாலும் உயிர் போகாது. இங்கிலாந்தில் பழைய இசையை மீட்டெடுத்த ஆர்னல்ட் டொல்மெட்ச், பிரெசன் என்ற அந்தக்காலக் கைவினைஞர் செய்த பழைய ரெக்கோடர் ஒன்றை வைத்திருந்தார். 1919இல் அது லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் தவறிப்போனது. அதன் பிறகுதான் மனுஷன் தானே ரெக்கோடர் செய்யத் தொடங்கினார். நூறாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது எனக்கு இந்தக் கதை அடிக்கடி ஞாபகம் வரும்.

வாங்கும்போது மொடல் எண்ணின் கடைசியில் 'பி' இருக்கிறதா என்று பாருங்கள். அது பரோக் விரலமைப்பு, அதாவது துளைகளை விரலால் மூடும் ஒரு முறை. ஜேர்மன் விரலமைப்பில் நாலாவது சுரம் சுலபம், ஆனால் அடுத்த அரைச்சுரம் பிசகும். ஏ சுரத்தைப் பழைய சுருதியான 415 ஹேர்ட்ஸில் வைத்து, குடல்நரம்பு கட்டிய வயலினோடு வாசிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது உதவாது. இது இன்றைய சுருதிக்குச் செய்தது, அதைவிட ஏறக்குறைய அரைச்சுரம் மேலே நிற்கும். அவர்கள் மரத்துக்கே காசு சேர்க்க வேண்டியதுதான்.