மரத்த கைக்கு எது: விஆர் கண்ணாடியா, மணல் தாம்பாளமா?

பக்கவாதம் வந்த ஏழாவது மாதம் சித்தப்பாவின் வலது கை ஓரளவு அசையத் தொடங்கிவிட்டது. தொடுவுணர்வுதான் திரும்பவில்லை. பாம்பன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவருக்குத் தங்கூசி (வலை பின்னும் நைலான் நரம்பு) விரலை அறுத்ததே தெரியவில்லை. வலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் கையை எடுத்தார். அப்புறம்தான் விஆர் (கணினி உருவாக்கும் காட்சியைக் கண்முன் காட்டும் கண்ணாடி), மணல் தாம்பாளம் என்று இரண்டு பயிற்சி வழிகளையும் விசாரித்தோம்.

விஆருக்கு மதுரை போக வேண்டும். கண்ணாடியை மாட்டினால் எதிரே மேஜை, அதன்மேல் பந்தும் பழமும். வீட்டில் பத்து நிமிடத்தில் சலித்துக்கொள்பவர் அங்கே அரை மணி நேரம் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கடலில் ஒருநாளும் தலை சுற்றாத மனிதர், கண்ணாடியைக் கழற்றியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார் என்பது வேறு கதை. என் குறை அதுவல்ல. பந்தைத் தொட்டாலும் பழத்தைத் தொட்டாலும் கையிலிருக்கும் கருவி ஒரே மாதிரிதான் அதிர்கிறது. விருந்தெல்லாம் கண்ணுக்கு, விரலுக்குப் பட்டினி. 72 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) அலசலும், கையின் செயல்பாட்டுக்கு வழக்கமான பயிற்சியைவிட விஆர் மேல் என்று சொல்லவில்லை. அதோடு கூடுதலாகச் சேர்த்தால் பலன் இருக்கலாம் என்றது.

மணல் தாம்பாளத்துக்குச் செலவே இல்லை. கடல் மணலில் சோழி, சிப்பி, வலைத்துண்டு, மிதப்பு என்று புதைத்துவைப்போம். முதலில் நல்ல கையால் தடவிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடி, மரத்த கையால் தேடி எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். தப்பானால் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே மறுபடி தடவ வேண்டும். மூன்று வாரம் எல்லாமே அவருக்குக் ‘கல்லு’தான். ஒருநாள் கட்டைவிரலை மெல்ல நகர்த்தி, “இது சோழிடா, வாயில பல்லு இருக்கு” என்றார். உடைந்த சிப்பியைப் போடக் கூடாது. வெந்நீர்ச் சோதனையும் வேண்டாம், சுட்டால் அவருக்குத் தெரியாது.

நடுவில் ஒரு மலிவு வழியும் உண்டு: கண்ணாடிப் பெட்டி. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் பிம்பம், மற்ற கையே அசைவதுபோலக் காட்டும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலிக்காகக் கொண்டுவந்தது. கண்ணை ஏமாற்றத்தான் வேண்டுமென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியே போதும்.

சரி, நாங்கள் தாம்பாளத்தைத் தினம் இரண்டு வேளை வைத்துக்கொண்டோம். மதுரைக்குப் பரிசோதனைக்குப் போகும்போது மட்டும் விஆர். தங்கூசியை இன்னும் கையில் கொடுக்கவில்லை; பருத்திக் கயிற்றில்தான் முடிச்சுப் போடுகிறார்.