எலுமிச்சைப்புல்லா, வெட்டிவேரா? மீஞ்சூர் மணலில் போட்ட கணக்கு

மீஞ்சூருக்குக் கிழக்கே அரை ஏக்கர் மணல் நிலம் இருக்கிறது. குடியிருப்பது தண்டையார்பேட்டையில்; வாரம் ஒரு நாள்தான் அங்கே போக முடியும். எண்ணெய்ப் பயிர் ஏதாவது வைக்கலாம் என்று யோசித்ததில் எலுமிச்சைப்புல்லும் வெட்டிவேரும் மிஞ்சின. இரண்டுக்கும் லக்னோ சிமாப் (மருந்து, நறுமணப் பயிர்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம்) வெளியிட்ட ரகங்கள் உண்டு. புல்லில் கிருஷ்ணா, வேரில் தாரிணி. நான் நட்டது வெட்டிவேர், அதனால் பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

நடவு ஏறக்குறைய ஒன்றுதான், தூரை, அதாவது வேரோடு இருக்கும் அடிக்கொத்தை, பிரித்து நட வேண்டும். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிய கதை ஊரறிந்தது. அந்த உப்பை வெட்டிவேர் நன்றாகவே தாங்கும். பணம் சீக்கிரம் பார்ப்பது புல்தான். நாலைந்து மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. வேருக்கு ஒரு வருஷமாவது காத்திருக்கணும்.

என்னை வெட்டிவேர் பக்கம் திருப்பியது வடிப்பு, அதாவது நீராவி விட்டு எண்ணெய் பிரிக்கும் வேலை. நூறு கிலோ பச்சைப்புல்லில் அரை கிலோ எண்ணெய் வந்தால் பெரிது. லாரியில் ஏற்றித் தூரமாகக் கொண்டுபோனால் வாடகையே தின்றுவிடும். அறுத்துக் குவித்து வைத்தால் சூடேறிக் கெடும். ஆக, கொப்பரையும் பாய்லரும் பக்கத்திலேயே வேண்டும். அரை ஏக்கருக்கு அதையெல்லாம் வாங்குகிறவன் எண்ணெய் விற்றா கடனை அடைப்பான்?

வெட்டிவேரை வடிப்பது இன்னும் பாடு. புல்லுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும், வேருக்கு ஒரு நாள் போல நெருப்பு எரியணும். எண்ணெயும் கிட்டத்தட்ட தண்ணீர் எடை, லேசில் பிரிந்து மிதக்காது. ஆனால் அதை வடித்துத்தான் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லையே! அலசிக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் மாதக்கணக்கில் இருக்கும். பாரிமுனைப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் வேராகவே வாங்குகிறார்கள். பானைத் தண்ணீரில் போட, கோடையில் கேட்பார் அதிகம்.

தாரிணி என்ற புது ரகத்தில்தான் ஏமாந்தேன். கூடுதல் விலை கொடுத்துத் தூர் வாங்கினேன். கடைக்காரரோ ரகத்தின் பெயரைக் கேட்கவே இல்லை. கசக்கி முகர்ந்தார், மண் ஒட்டியிருக்கிறதா என்று உதறினார், நாட்டு வேரின் விலையையே சொன்னார். ரகத்தின் உயர்ந்த எண்ணெய்க்குக் காசு, எண்ணெயாக நிறுத்து விற்றால்தான். வேராக விற்கிறவருக்குக் கடலூர்ப் பக்கத்து நாட்டுத் தூரே போதும்.

நான் பார்த்தது ஒரே ஒரு அறுவடை. எண்ணெய் வடித்துப் பார்த்ததில்லை, அதன் தரம் பற்றி வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. மணலில் வேர் அறுபடாமல் வந்தது. பொன்னேரிக் களிமண் காரர்கள் தோண்டும் கூலியைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்கவும். ஐந்து ஏக்கரும் பக்கத்தில் வடிப்பு ஆலையும் இருக்கிறவர் புல்லுக்கே போகலாம்.

நான் இந்த ஆடியில் முக்கால் பங்கு நாட்டுத் தூர் நடுகிறேன். மிச்ச இடத்தில் பழைய தாரிணி நிற்கட்டும், அதிலிருந்து ஒரு மூட்டை வேரை யாரிடமாவது கூலிக்கு வடிக்கக் கொடுக்கணும்.