22 என்று சொன்னால் எந்த 22 என்று கேளுங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்கள், அதிலும் துப்பாக்கி லைசென்ஸ் இருந்து காட்டுப்பன்றி சுடுகிறவர்களின் பஞ்சாயத்துப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறவர்கள், பன்றிக்கு என்று 22 ரைஃபிள் வாங்கும் முன் இதைப் பொறுமையாகப் படியுங்கள். நான் ஏமாந்தது போதும்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்து 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. கீல் தளர்ந்து ஆட ஆரம்பித்திருந்தது. போன வருஷம் கடலை காய் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கி ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுது போட்டுவிட்டது, சரி, கீலைச் சரிசெய்து வைப்போம் என்று ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தக் கட்டையை இன்னும் எத்தனை நாளைக்குத் தூக்கிட்டு அலைவீங்க? 22 ரைஃபிள் எடுத்துக்கோங்க. தோட்டா விலை கம்மி, சத்தம் கம்மி, தோள்ல உதைக்காது. பன்னி, நரி, மயில் எல்லாத்துக்கும் இதுதான்" என்றார். போனை எடுத்து ஒரு வீடியோவும் காட்டினார். அமெரிக்காவில் ஒருவர் தூரத்தில் ஓடுகிற கயோட்டியை (அந்த ஊர் ஓநாய் இனம், நரி மாதிரி இருக்கும்) ஒரே வெடியில் சாய்க்கிறார். "பாருங்க, அதுவும் 22 தான்." என் லைசென்ஸில் 12 போர் மட்டும்தான் இருந்தது. 22-ஐச் சேர்க்க மனுப் போட்டு, மாதக்கணக்கில் அலைந்து, ரெண்டு வருஷத்துக் கடலைக் காசைக் கொட்டி வாங்கினேன்.

பஞ்சாயத்துத் தலைவரின் உத்தரவு கையில் வந்த பிறகு, ஒரு ராத்திரி நாற்பது அடி தூரத்தில் பெரிய ஆண் பன்றி நின்றது. மூன்று தடவை விசையை இழுத்தேன். முதல் தோட்டா வெடிக்கவே இல்லை, "டக்" என்ற சத்தம் மட்டும். அடுத்த ரெண்டும் தோளில் பட்டதைக் கண்ணால் பார்த்தேன். பன்றி வீறிட்டுக்கொண்டு மக்காச்சோளத்துக்குள் ஓடிவிட்டது. விடிந்ததும் சோளத் தோகையில் இடுப்பு உயரத்துக்கு ரத்தம் தீற்றியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டே போனால் வாய்க்கால் கரையில் தடம் அற்றுப்போனது. மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாற்றம் அடிக்கிறது என்று கூப்பிட்டார். சாகும்வரை அது என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அப்புறம்தான் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் ரெண்டு தோட்டாவின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்குக் கொடுத்தது 22 லாங் ரைஃபிள், 1887-இல் வந்த சின்னத் தோட்டா, மொத்தமே ஒரு அங்குல நீளம். 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராம் சொச்சம் ஈயம், சுமார் 170 ஜூல் சக்தியோடு வெளியே வரும். அது முயல், அணில், பேப்பர் டார்கெட்டுக்கு. கயோட்டிக்கு அங்கே எடுப்பது 223 ரெமிங்டன், 22-250 மாதிரியான பெரிய தோட்டாக்கள். குண்டின் குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 0.22 அங்குலம், அதனால்தான் வாய் கூசாமல் "அதுவும் 22" என்று சொல்ல முடிகிறது. ஆனால் 223-இன் தோட்டா ரெண்டேகால் அங்குலம், வெடிமருந்து பல மடங்கு, சக்தி சுமார் 1,700 ஜூல். பத்து மடங்கு! அதையும் அங்கே கயோட்டி, நரி மாதிரி இருபது கிலோவுக்குள் இருக்கிற உருப்படிக்குத்தான் விரும்புகிறார்கள், அதற்கென்று வரும் லேசான குண்டு பட்டதும் சிதறுகிற மாதிரி செய்தது. நம் ஊர் ஆண் பன்றி எண்பது கிலோ வரும், தோளில் விரல் கனத்துக்குக் கெட்டித் தோலும் சவ்வும் இருக்கும். 22 லாங் ரைஃபிள் குண்டு அதில் பாதியிலேயே நின்றுவிடலாம்.

இன்னொன்று. அந்தச் சின்னக் குண்டு தப்பிப் போனால் ஒரு மைலுக்கு மேல் போகும், நம் கல்லாங்காட்டில் பட்டுத் தெறிக்கவும் செய்யும். சுற்றிலும் களத்துவீடுகள்.

மயில், நரி என்று அந்தக் கடைக்காரர் சொன்னதற்கே கோபம் வருகிறது. கேரளத்தில் 2022 மே மாதத்து உத்தரவு சுட அனுமதிப்பது காட்டுப்பன்றியை மட்டும்தான், அதுவும் பஞ்சாயத்து அனுமதியோடு, லைசென்ஸ் துப்பாக்கியோடு. விஷம், வெடிபொருள், கரண்ட் எதுவும் கூடாது. கறியைத் தொடாமல் புதைக்க வேண்டும். மயிலும் நரியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, சுட்டால் குறைந்தது மூன்று வருஷம் உள்ளே. அவர் பேச்சைக் கேட்டு யாராவது பையன் மயிலைச் சுட்டிருந்தால் அவன் வாழ்க்கை என்ன ஆவது?

ரைஃபிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "லைசென்ஸ்ல ஏத்தியாச்சு அண்ணா, இனி பழைய சாமான் விலைதான்" என்று பாதிக்கும் கீழே கேட்டார். வெடிக்காத தோட்டாவைக் காட்டினேன், விளிம்பில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. "நீங்க ஈரத்துல வெச்சிருப்பீங்க" என்றார். பெட்டி வாங்கும்போதே ஒட்டுப் பிரிந்திருந்தது, அதை அன்றைக்கே கேட்காதது என் தவறு.

அப்பாவின் 12 போருக்கு வேறு ஆளிடம் கீல் மாற்றிவிட்டேன். பெரிய ஈயக் குண்டுகள் அடைத்த எல்ஜி தோட்டா, முப்பது அடிக்குள் வந்தால் மட்டும், இல்லையென்றால் சும்மா திரும்பி வருகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். "பன்னிக்கு 22" என்று அவர் கைப்பட விலையோடு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு பத்திரமாக இருக்கிறது, அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.