கடலோரச் சைக்கிள் பயணம்: வழிகாட்டியோடா, தனியாகவா, மூட்டையைக் கட்டிக்கொண்டா?

கடலோரமாக ஐந்தாறு நாள் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது அழகான கடற்கரையை. அதில் தப்பில்லை. ஆனால் எந்த முறையில் போவது என்ற முடிவுக்கு அழகு உதவாது. நான் அவர்களிடம் கேட்பது வேறு கேள்வி. பிற்பகல் இரண்டு மணி. எதிர்காற்று கிளம்பிவிட்டது, தொடை கனக்கிறது, தங்குமிடத்துக்கு இன்னும் 40 கி.மீ. இருக்கிறது. அப்போது என்ன செய்வீர்கள்?

வழிகள் மூன்று. முதலாவது, வழிகாட்டியும் உதவி வேனும் கூடவே வரும் குழுப் பயணம். இரண்டாவது, பாதையையும் விடுதியையும் ஒருவர் ஏற்பாடு செய்துகொடுத்து, பெட்டியை மட்டும் தினமும் அடுத்த ஊருக்கு வேனில் அனுப்பிவைப்பது. ஓட்டுவது நீங்கள் தனியாக. மூன்றாவது, கூடாரம் முதல் பஞ்சர் ஒட்டும் சாமான் வரை எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு கிளம்புவது. படகில் தங்கி, பகலில் தீவுகளில் ஓட்டுவது என்று நான்காவது ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பொதுவாக எல்லோரும் நினைப்பது: வழிகாட்டியோடு போனால் கட்டுப்பாடு, தனியாகப் போனால் சுதந்திரம். மூன்று முறையிலும் ஓட்டிப் பார்த்த பிறகு நான் இதை நம்புவதில்லை. காரணம் காற்று.

காற்றைக் கேட்டுத்தான் எல்லாம்

பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. அதனால்தான் காலையில் இலைகூட அசையாத கரையில் பிற்பகலில் தொப்பி பறக்கிறது. இது தவிர ஒவ்வொரு கரைக்கும் பருவத்துக்கேற்ற பெருங்காற்று ஒன்று இருக்கும். கொண்டல், வாடை, கோடை, தென்றல் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் மொழி நம்முடையது. கடலோரப் பயணத்துக்குத் திட்டம் போடும்போது அந்தப் பழக்கம் அப்படியே பயன்படும்: ஊர்ப் பெயர்களைப் பார்க்கும் முன் காற்றின் திசையைப் பாருங்கள்.

கணக்கு எளிது. காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். அதே 20 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று அடித்தால், நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 40 ஆகிவிடும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், நீங்கள் எதிர்த்துத் தள்ள வேண்டிய விசை நான்கு மடங்காகிறது. இது ஏற்றம்போலக் கண்ணுக்குத் தெரியாது. ஏற்றமாவது உச்சியில் முடியும். எதிர்காற்று நாள் முழுக்க நீளும்.

அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் கோடைக்காலத்தில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுகிறது. அதனால் அங்கே சைக்கிளில் போகிறவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போகிறார்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால், தெற்கே போகும்போது கடலும் உங்கள் பக்கமே இருக்கும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இதற்கு நேர்மாறு. அங்கே தென்மேற்குக் காற்று அதிகம், ஓட்டுவது இடப்பக்கம். தெற்கிலிருந்து வடக்கே போனால் காற்று முதுகில், கடல் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு பயணத்தின் திசையைப் பார்த்தாலே, அதை ஏற்பாடு செய்தவர் சைக்கிள் ஓட்டுகிறவரா, காரில் பார்த்துவிட்டுத் திட்டம் போட்டவரா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

வழிகாட்டியின் வேலை வழி காட்டுவது அல்ல

செங்குத்துப் பாறைகள் நிறைந்த ஒரு கரையில், ஒரு குழுப் பயணத்தின் மூன்றாம் நாள் காலை. எங்கள் வழிகாட்டி வேனின் முன்மூடியில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலைக்கும் கூழாங்கல் வைத்தார். வரைபடத்தைப் பார்க்கவில்லை, எதிரே மேட்டில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இன்று அந்த முனையிலிருந்து இங்கே வருகிறோம்" என்றார், அவ்வளவுதான். சைக்கிள்களை வேனில் ஏற்றி, அன்றைய பாதையின் கடைசிக்குப் போய் இறங்கி, பின்காற்றோடு திரும்பி வந்தோம். மாலையில் வேனில் ஏறி மறுபடி அந்த முனைக்குப் போனோம். எதிரே வந்த இன்னொரு குழுவினர் தலையைக் குனிந்து, சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே சாலை, அதே கடல்.

வழிகாட்டிக்கு நாம் கொடுக்கும் பணம் இதற்குத்தான். வழி தெரிந்துகொள்ளக் கைப்பேசி போதும். பஞ்சர் ஒட்ட அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அன்றைய நாளைத் திருப்பிப் போடும் அதிகாரமும், அதற்கான வண்டியும், அந்தக் கரையை முன்பே அறிந்த கண்ணும் ஒரே ஆளிடம் இருப்பது வேறு எந்த முறையிலும் கிடைக்காது.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. தினமும் மாலை நாங்கள் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு, அவர் ஒவ்வொரு சைக்கிளாகத் தலைகீழாக நிறுத்தி, செயினில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் துடைப்பார். உலர்ந்ததும் பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றியபடி ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். உப்புக்காற்று இரண்டே நாளில் செயினில் செம்பூச்சு ஏற்றிவிடும். பிரேக் கேபிளும் திருகுகளும்கூட அப்படித்தான். தனியாகப் போகிறவர்கள் வழியைத் தொலைப்பதைவிட, இந்தக் கால் மணி நேர வேலையை விட்டுவிட்டுத்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

ஆனால் எல்லாக் குழுப் பயணமும் இப்படி அமைவதில்லை. வேறொரு முறை நாங்கள் 14 பேர், வழிகாட்டி ஒருவர். அவர் முன்னால் போனார். பின்னால் வந்த மூன்று பேர் ஒரு பிரிவுச் சாலையில் உள்நாட்டுப் பக்கம் திரும்பி 11 கி.மீ. போய்விட்டார்கள். வேன் ஓட்டுநரோ பெட்டிகளை இறக்க விடுதிக்குப் போயிருந்தார். முன்னால் ஒருவர், கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் என்று இரண்டு வழிகாட்டிகள் இல்லாத குழுவில், மெதுவாகப் போகிறவர் உண்மையில் தனியாகத்தான் போகிறார். அதுவும் தனியாகப் போகும் தயாரிப்பு எதுவும் இல்லாமல்.

குழுவில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. ஒரு வளைவில் கடல் திடீரென்று திறக்கும். நிற்கத் தோன்றும். பின்னால் ஆள் வந்துகொண்டிருப்பார்கள், நிற்க முடியாது. அந்த வளைவுகள் திரும்பக் கிடைப்பதில்லை.

பெட்டி போய்விட்டால் நீங்களும் போக வேண்டும்

இரண்டாவது முறைக்குச் சுதந்திரம் என்று பெயர். பார்க்கப்போனால் மூன்றில் அதிகம் கட்டிப்போடுவது இதுதான். காலையில் உங்கள் பெட்டி கிளம்பிவிடும். மாற்றுத் துணி, மருந்து, சார்ஜர் எல்லாம் 60 கி.மீ. தள்ளி ஒரு விடுதியில் காத்திருக்கும். காற்று அடித்தாலும் முழங்கால் வலித்தாலும் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். திட்டத்தை மாற்றச் சொல்ல ஆள் இல்லை, மாற்றிக்கொள்ள வண்டியும் இல்லை. பணம் கட்டும் முன், வழியில் ரயிலோ படகோ சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் டாக்ஸியோ எங்கெங்கே கிடைக்கும் என்று குறித்துக்கொள்ளாதவர்கள் இதில் இறங்கக் கூடாது.

ஆனாலும் சில கரைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஜப்பானின் ஷிமானாமி கைடோ அப்படிப்பட்டது. ஓனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை, 6 தீவுகளைப் பாலங்களால் கோத்துச் செல்லும் சுமார் 70 கி.மீ. பாதை, 1999-இல் திறக்கப்பட்டது. ஓனோமிச்சியிலிருந்து முதல் தீவுக்கு மட்டும் சில நிமிடப் படகுப் பயணம். பிறகு சாலையோரம் வரைந்திருக்கும் நீலக்கோட்டைப் பிடித்தால் போதும். பாலங்களுக்கு ஏறும் சைக்கிள் பாதைகளைச் சுற்றிச் சுற்றி மென்மையான சரிவாக அமைத்திருக்கிறார்கள். இன்னோஷிமா பாலத்தில் கார்கள் மேல்தளத்தில் ஓட, சைக்கிள்கள் அதன் கீழ்த்தளத்தில் போகும். கடைசியில் வரும் குருஷிமா நீரிணைப் பாலம் மட்டுமே ஏறத்தாழ 4 கி.மீ. நீளம். வழிநெடுக உள்ள நிலையங்களில் ஒன்றில் எடுத்த வாடகைச் சைக்கிளை இன்னொன்றில் விடலாம். பிற்பகல் இரண்டு மணிக் கேள்விக்கு அந்தப் பாதையே பதில் வைத்திருக்கிறது. அங்கே வழிகாட்டி வைத்துக்கொள்வது, என்னைக் கேட்டால், தேவையில்லாத செலவு. ஒரே நாளில் முடிக்க முடிகிறதே என்று ஓடாமல் மூன்று நாளாகப் பிரித்து, தீவுகளின் மறுபக்கத்தையும் சுற்றி வாருங்கள்.

பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் ரோஸ்கோஃப் முதல் ஆந்தாய் வரை 1,200 கி.மீ.-க்கு மேல் நீளும் வெலோடிஸே பாதையும் தனியாகப் போக ஏற்றது. பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகளே கிடையாது. ஆனால் அதன் தென்பகுதியில் பல மணி நேரம் பைன் காட்டுக்குள்தான் ஓட்டுவீர்கள். மணல்மேடு கடலை மறைத்துவிடும். அலைச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வரும். கடலைப் பார்த்தபடியே போகும் சாலை பெரும்பாலும் கார்களும் விரும்பும் சாலை என்பதால், பாதுகாப்பா காட்சியா என்று தினமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அயர்லாந்தின் வைல்டு அட்லாண்டிக் வே சுமார் 2,500 கி.மீ.; 2014-இல் தொடங்கியபோதே காரில் போகிறவர்களை மனதில் வைத்து அமைத்த பாதை. காட்சிக்குக் குறைவே இல்லை. ஆனால் குறுகிய சாலையில், மழையோடு வீசும் காற்றில், பேருந்துக்கு ஒதுங்கிப் பழகாதவர்கள் முதல்முறை தனியாகப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மூட்டையைக் கட்டிக்கொண்டு

உண்மையான சுதந்திரம் வேண்டுமென்றால் இதுதான். களைத்த இடத்தில் நிற்கலாம், காற்று பிடிக்காவிட்டால் ஒரு நாள் முழுக்கப் படுத்திருக்கலாம். ஓரிகனில் மாநிலப் பூங்காக்கள் பலவற்றில், நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கென்றே முன்பதிவு இல்லாத முகாம் இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 600 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதையில் பெரும்பாலும் 101-ஆம் எண் நெடுஞ்சாலைதான். ஆர்ச் கேப் சுரங்கப்பாதையின் வாசலில் சைக்கிள்காரருக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால், உள்ளே சைக்கிள் இருக்கிறது என்று எச்சரிக்கும் விளக்குகள் மினுக்கத் தொடங்கும். அழுத்திவிட்டு, வண்டிகள் குறையும்வரை காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும்.

இந்தச் சுதந்திரத்துக்கு நாள் கணக்கில் விலை உண்டு. 15 கிலோ சுமை சமதளத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கடலோரம் என்றால் சமதளம் என்று நினைத்துவிடாதீர்கள். பாறைக் கரையில் ஒவ்வொரு ஆற்று முகத்துவாரத்துக்கும் சாலை கடல்மட்டம் வரை இறங்கி, மறுகரையில் மறுபடி ஏறும். ஒரு நாளில் ஆறேழு முறைகூட இறங்கி ஏறலாம். எந்த ஏற்பாட்டாளரிடமும் தூரத்தைக் கேட்காதீர்கள், மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். குழுவோடு ஐந்து நாளில் முடியும் பாதைக்கு, சுமையோடு எட்டு நாளாவது வைத்துக்கொள்வது நல்லது.

சாலை அடைபட்டால் கையில் வேறு வழியும் இருக்காது. கலிஃபோர்னியாவின் பிக் சர் கரையில் 2017 மே மாதம் மலைச்சரிவு ஒன்று 1-ஆம் எண் நெடுஞ்சாலையை மூடிவிட்டது. அந்தப் பகுதி திறக்க 2018 ஜூலை ஆயிற்று. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்றிருக்கும் சாலைக்குப் பக்கத்தில் இன்னொரு சாலை இருக்காது. வேன் வைத்திருப்பவர் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் இறக்கிவிடுவார். சுமையோடு வந்தவர் மலை தாண்டி உள்நாடு வழியே நாள்கணக்கில் சுற்ற வேண்டும்.

படகுப் பயணம், குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் உள்ளதுபோல, சைக்கிள் ஓட்டாத துணையோடு வருகிறவர்களுக்கு நல்லது. தினமும் பெட்டி கட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: படகிலிருந்து இறங்கும் ஒவ்வொரு காலையும் கடல்மட்டத்திலிருந்து தொடங்குவதால், உடம்பு சூடாகும் முன்பே ஏற்றம் வந்து நிற்கும். பிராச் தீவின் உச்சி ஏறத்தாழ 780 மீட்டர். பூரா என்னும் வடகிழக்குக் காற்று அடித்தால் படகு துறைமுகத்தைவிட்டு நகராமலும் போகலாம்.

குழுப் பயணம்தான் என்று முடிவெடுத்தால், எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டிகள், வேன் பகலில் எங்கே நிற்கும் என்று முதலில் கேளுங்கள். மின்சைக்கிள் எடுக்கிறவர்கள் மாற்று பேட்டரி வேனில் வருமா என்றும் கேட்க வேண்டும்; எதிர்காற்று நாளில் பேட்டரி சொன்ன தூரத்துக்கு வராது. பிறகு நான் தொடக்கத்தில் கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள். "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் இன்னும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். "நான்காம் நாள்தானே? அந்தப் பாலத்துக்கு முன்னால் கோயில் மேட்டில் வேன் நிற்கும், அங்கே ஏறிக்கொள்ளலாம், காலையிலேயே காற்று இருந்தால் அந்தப் பகுதியைத் திருப்பி ஓட்டுவோம்" என்பதுபோல இடமும் சாலையும் சொல்லிப் பதில் வந்தால், முன்பணத்தைக் கட்டிவிடலாம்.