கவாத்து என்று சொல்லி மரத்தை மொட்டையடித்துவிட்டார்கள்: 42,000 போச்சு, ஏமாறாதீர்கள்

கோபத்தில் எழுதுகிறேன். வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 42,000 வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு முன்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் தலையை மொத்தமாக வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பணத்தைக் கேட்டால் புகாரை மூடுகிறார்கள். மரம் வைத்திருப்பவர்கள் ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நல்ல ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் செயலி அது. குழாய் ரிப்பேர், ஏசி சர்வீஸ், சோபா கழுவுவது எல்லாம் அதில் உண்டு. இப்போது 'மரப் பராமரிப்பு நிபுணர்' என்று ஒரு பிரிவையும் சேர்த்திருக்கிறார்கள். பெயரைப் போட்டால் பதிவையே தூக்கவைப்பார்கள் என்பதால் போடவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது சின்ன வேலை. மேலே நாலைந்து காய்ந்த கிளைகள், எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்கிற நிலை. மாடிப் பக்கம் நீண்டு வந்த ஒரு கிளையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் பார்வையிட ஒருவர் வந்தார். அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 42,000 கொடுத்தது அவர் பேச்சுக்குத்தான். வந்தவுடன் அண்ணாந்து பார்த்து ரேட் சொல்லவில்லை. மரத்தைச் சுற்றி நடந்தார். அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். "தண்டு வேரா விரியுற இடம் வெளிய தெரியணும் மேடம். மண்ணைக் குவிச்சு மூடினா பட்டை அழுகும்" என்றார். மரச்சுத்தியால் தண்டைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். பொந்து இருக்கும் பக்கம் சத்தம் மாறுவதை என்னையும் கேட்கச் சொன்னார். அப்புறம் தாழ்வாக இருந்த ஒரு கிளையைப் பிடித்து, அது தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தடவிக் காட்டினார். "இதுல ரம்பம் படவே கூடாது. இதுக்கு வெளியதான் வெட்டணும். ஷிகோ சொன்னது."

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அலெக்ஸ் ஷிகோ அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்தவர். செயின் ஷாவால் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, அழுகல் உள்ளே எப்படிப் பரவுகிறது என்று பார்த்தவர். நம் தோல் காயம் ஆறுவது மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை, அடிபட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் தடுப்புகளைக் கட்டிக்கொண்டு மேலே புது மர அடுக்கை வளர்க்கிறது என்பதை 1977இல் தெளிவாக எழுதி வைத்தவர். இன்றைக்கு மர மருத்துவம் என்று உருப்படியாகச் சொல்லப்படுவதில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததுதான். நம்மிடம் வரும் மரம் வெட்டுகிறவர்களில் அந்தப் பெயரைச் சொல்கிற ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

சரி என்று, செயலியின் அரட்டையில் என் நிபந்தனைகளை எழுதினேன். உச்சியை வெட்டக்கூடாது. காய்ந்த கிளைகளும் மாடிப் பக்கக் கிளையும் மட்டும். தாரோ பெயின்ட்டோ பூசக்கூடாது. பொந்தைத் தொடக்கூடாது. பதிலுக்குக் கட்டைவிரல் படமும் "ஓகே மேடம், நோ டாப்பிங்" என்ற வரியும் வந்தன. அதன் ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. கயிறு, மெஷின், ஆள் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், முழுப் பணமும் செயலி வழியாகக் கட்டினால்தான் தேதி கிடைக்கும் என்றார்கள். 42,000 கட்டினேன்.

வேலைக்கு வந்தது வேறு ஆட்கள். பார்வையிட்டவர் வரவே இல்லை. நான் அலுவலகத்தில் இருந்தேன், வீட்டில் அம்மா. காலையில் ஒரு போன்: "மேடம், வேலை ஆரம்பிக்கணும், உங்களுக்கு வந்த ஓடிபி சொல்லுங்க." குறுஞ்செய்தியில் செயலியின் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தன, எதற்கான எண் என்று ஒரு வார்த்தை கிடையாது. சொன்னேன். அது வேலை முடிந்ததற்கான ஒப்புதல் எண் என்று பின்னால் சொல்கிறார்கள்! மரத்தில் ரம்பம் படுவதற்கு முன்பே கணக்கில் வேலை முடிந்துவிட்டது.

நடுவில் அம்மா போய்க் கேட்டிருக்கிறார், "என்னப்பா இது, எல்லாத்தையும் வெட்டறீங்களே?" என்று. "சார் சொல்லித்தாம்மா அனுப்பினாரு, இப்படி வெட்டினாத்தான் நல்லாத் தழையும்" என்று பதில்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தெருவில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. மரத்தில் இலையே இல்லை. எல்லாப் பெரிய கிளைகளும் நடுவில் துண்டிக்கப்பட்டு, கட்டைகட்டையாக நின்றன. ஒவ்வொரு முனையிலும் கறுப்புத் தார். மாடிப் பக்கக் கிளையை அடியோடு, தண்டுக்குச் சமமாகச் சீவி எடுத்திருந்தார்கள். டேப் வைத்து அளந்தேன். கிளையின் குறுக்களவு 14 செ.மீ., தண்டில் விழுந்திருக்கும் காயத்தின் நீளம் 27 செ.மீ. அந்தப் புடைப்பு வளையம், "ரம்பம் படவே கூடாது" என்று அந்த ஆள் தடவிக் காட்டிய அதே வளையம், போயே போய்விட்டது. காயத்தை மூடுகிற புது மர அடுக்கு அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும், அழுகல் தண்டுக்குள் இறங்காமல் தடுக்கிற அரணும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு கிளையைக் கீழிருந்து முதலில் கொஞ்சம் அறுக்காமல் மேலிருந்தே வெட்டியிருக்கிறார்கள். கனம் தாங்காமல் அது முறிந்து விழுந்தபோது பட்டையையும் கூடவே கிழித்துக்கொண்டு போயிருக்கிறது, தண்டில் ஒரு முழ நீளத்துக்கு. பெரிய கிளை என்றால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் விழுந்த பிறகு மீதிக் கட்டையை வளையத்துக்கு வெளியே நிதானமாக ஒரு வெட்டு. கவாத்து கற்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருகிற பாடம் இது.

தண்டு முழுக்க ஜோடி ஜோடியாக ஓட்டை, ஒவ்வொன்றிலும் பழுப்பாக நீர் கசிந்துகொண்டிருந்தது. காலில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். வெட்டிச் சாய்க்கப்போகிற மரத்தில் வேண்டுமானால் அப்படி ஏறலாம். உயிரோடு நிற்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு முள்ளும் பட்டையைத் துளைத்து ஒரு காயம்.

பொந்தையும் விடவில்லை. கடப்பாரையால் உள்ளே இருந்த உளுத்த மரத்தைச் சுரண்டி, 'சுத்தம் செய்து', சிமென்ட் கலவையை அடைத்துவிட்டார்கள். அம்மா வேண்டாம் என்று சொல்லியும். இது நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய வைத்தியம் என்று செய்துகொண்டிருந்த வேலை, விஷயம் தெரிந்தவர்கள் கைவிட்டு எவ்வளவோ காலமாகிறது. மரம் காற்றில் அசையும், சிமென்ட் அசையாது. உரசி உரசி நல்ல மரமும் கெடும், ஈரமும் உள்ளே தங்கும். அதைவிட மோசம் அந்தச் சுரண்டல். அழுகலுக்கும் நல்ல மரத்துக்கும் நடுவே மரம் கட்டி வைத்திருந்த தடுப்பு கடப்பாரையில் உடைந்திருந்தால் அழுகலுக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் 42,000.

மறுநாள் அழைத்தேன். முதலில் எடுத்த பெண், "தளிர் வந்துடும் மேடம், கவலைப்படாதீங்க" என்றார். தளிர் வராது என்று நான் சொல்லவே இல்லையே! தளிர் வரும். இலை முழுவதும் போன மரம், சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து, உயிர் பிழைக்க அவசரமாகத் தளிர் விடும். அது ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை. அந்தப் புதுக் கிளைகள் மரத்தின் உள்ளிருந்து முளைப்பவையும் இல்லை. மேல் அடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், வேகமாக நீளும், கனம் கூடும். கீழே அவை ஒட்டியிருக்கும் கட்டையோ அழுகிக்கொண்டிருக்கும். நாலைந்து வருஷம் கழித்து ஒரு காற்றில் முறிந்து கீழே நிற்கிறவர் தலையில் விழுவது இந்தக் கிளைகள்தான். காய்ந்த கிளை விழுந்துவிடுமே என்று பயந்து கூப்பிட்டேன், இப்போது மரமே ஆபத்தாகிவிட்டது.

உயிருள்ள கிளைகளில் ஒரு வருஷத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. வயதான மரத்துக்கு அதையும் குறைத்துக்கொள்வார்கள். இங்கே எடுத்தது முழுவதும். இத்தனை வருஷம் நிழலில் இருந்த பட்டையில் இனி நேர் வெயில் அடிக்கும், வெடிக்கும். இலை இல்லாததால் வேருக்கும் சாப்பாடு இல்லை. இதையெல்லாம் போனில் சொன்னால், "உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிக்கிறோம் மேடம்."

அடுத்து வேறு ஒருவர். பார்வையிட வந்தவரோடு பேச வேண்டும் என்றேன். அவர் "இப்போது எங்களுடன் இல்லை" என்றார்கள். அரட்டைப் பக்கத்தைத் திறந்தால் பூட்டிக் கிடக்கிறது. வேலை முடிந்ததும் தானாக மூடிவிடுமாம். நல்லவேளை படம் எடுத்து வைத்திருந்தேன். அனுப்பினேன். "அரட்டையில் பேசியது ஒப்பந்தத்தில் சேராது, நீங்கள் தேர்ந்தெடுத்தது 'முழு மர கவாத்துத் தொகுப்பு', அதன்படி வேலை முடிந்துள்ளது, ஓடிபி நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள்" என்று மின்னஞ்சல். அந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டதே அவர்கள் அனுப்பிய ஆள். மேலாளர் கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. நானே அழைத்தால் பாட்டு ஓடுகிறது, கட்டாகிறது. இன்று காலை செயலியைத் திறந்தால் புகாருக்கு எதிரே 'தீர்க்கப்பட்டது' என்று பச்சையில் எழுதியிருக்கிறது. என் 42,000 எனக்கு வராமல் எதைத் தீர்த்தார்கள்?

நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாலத்தையோ சுவரையோ இடித்தால் திரும்பக் கட்டலாம், இந்த மரத்தின் பெரிய கிளைகள் ஒவ்வொன்றும் பல வருஷ வளர்ச்சி. நகரத்தில் ஒரு மரம் இந்த அளவுக்கு வருவதே பெரிய பாடு. வேரைச் சுற்றிச் சிமென்ட் தளம், வண்டி நிறுத்தி நிறுத்தி இறுகிய மண், குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டித் தோண்டி அறுபட்ட வேர்கள். பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன, கிளைப் பரப்பைத் தாண்டியும் ஓடுகின்றன. அதையெல்லாம் தாங்கி நின்ற மரம் இது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். இப்போது இருக்கும் நிலையில் முடியவில்லை, அவசரமாகச் சிலது மட்டும். முழுப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். எந்தக் கிளை, எங்கே வெட்டு என்று படத்தில் குறித்து, பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். பார்வையிட்டவரே வெட்டும்போதும் நிற்பாரா என்று கேளுங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள். முதல் வெட்டு விழும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். காலில் முள் கட்டினாலோ தார் டப்பாவைத் திறந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். சான்றிதழைக் காட்டினால் எண்ணைக் கேளுங்கள். சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் சான்று கொடுத்தவர்களைப் பெயரை வைத்து அவர்கள் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். எதற்கான எண் என்று எழுதாத ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. சமாதானமாக எனக்கு ஒரு 'இலவச மறு கவாத்து' தருகிறார்களாம், தளிர் வந்ததும் ஒழுங்குபடுத்திக் கொடுப்பார்களாம். யாருக்காவது இப்படிச் சொன்னால் கேட்டைத் திறக்காதீர்கள். வரப்போகிற அந்தத் தளிர்தான் மரத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே சாப்பாடு. முதல் ஒன்றிரண்டு வருஷம் அதில் யாரும் கை வைக்கக்கூடாது. மழை இல்லாத நாட்களில் கிளை பரவியிருந்த அளவுக்கு மண்ணில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள், 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்குக் காய்ந்த இலை மூடாக்குப் போடுங்கள், தண்டில் படாமல் தள்ளி. உரம் எதுவும் இப்போது வேண்டாம்.